தானமாக வரும் குவார்ட்டர்ஸ்: மூடிய படைத்தள வீடுகளை வீடற்றோர் குடியிருப்பாக மாற்றுவது எப்படி?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அமெரிக்க அரசு தானமாகத் தரும் படைத்தள வீடுகள் விஷயத்தில் இந்தப் பழமொழியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பல், குளம்பு, வால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்க வேண்டும்.

பனிப்போர் முடிவுக்கு வந்த காலத்தில் தொடங்கி அமெரிக்கா தன் உள்நாட்டுப் படைத்தளங்களை வரிசையாக மூடியது. 1988, 1991, 1993, 1995, 2005 என ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு தளமும் ஒரு சிறு ஊர்: குடும்பக் குவார்ட்டர்ஸ், சிப்பாய்களின் பாரக்ஸ், சமையற்கூடம், விளையாட்டு மைதானம், சில இடங்களில் தேவாலயமும் தியேட்டரும்கூட இருந்தன. ஆள் வெளியேறியதும் நூற்றுக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேலிக்கு வெளியே அதே நகரத்தில் குடும்பங்கள் காரில் படுத்துத் தூங்கின. இந்த இரண்டையும் இணைக்க ஒரு சட்டம் வந்தது, அதைப் பயன்படுத்திச் சில ஊர்கள் சாதித்தும் காட்டின. கலிஃபோர்னியாவின் அலமீடா, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள டிரெஷர் ஐலண்ட், லாங் பீச், சியாட்டிலின் சாண்ட் பாயின்ட், மயாமி அருகே ஹோம்ஸ்டெட் ஆகியவை அவற்றில் சில.

அமெரிக்காவில் உணவு வங்கி, தங்குமிடம், தொண்டு நிறுவன வாரியம் என்று ஏதோ ஒன்றில் இருக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களையும், நம் ஊரில் இருந்தபடி இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடு கிடைப்பது இதில் சின்ன வேலை. ஒப்பந்தம், மண், குழாய், ஆண்டுதோறும் வேண்டிய பணம் ஆகிய நான்கில்தான் திட்டங்கள் நிற்பதும் விழுவதும்.

படி 1: எந்தச் சட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது

1987-ல் ரீகன் கையெழுத்திட்ட மெக்கின்னி சட்டத்தின் ஐந்தாம் பகுதி ஒரு பெரிய வாசலைத் திறந்தது. மத்திய அரசுக்கு வேண்டாத கட்டடமோ நிலமோ இருந்தால், அதை விற்பதற்கு முன் வீடற்றோருக்கு உதவும் அமைப்புகளுக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். முன்னுரிமை அவர்களுக்கே. ஒரு அலுவலகக் கட்டடம், ஒரு கிடங்கு என்று வந்தவரை யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. முழுப் படைத்தளங்கள் வரத் தொடங்கியதும் கதை மாறியது. தளம் மூடி ஆயிரக்கணக்கான வேலை போய்விட்டது, அந்த நிலத்தில்தான் மறுபடி தொழில் வர வேண்டும், அதிலும் முதல் உரிமை வேறொருவருக்கா என்று நகரசபைகள் கொதித்தன.

அதற்கான சமரசம்தான் 1994 அக்டோபரில் வந்த தள மறுவளர்ச்சி, வீடற்றோர் உதவிச் சட்டம். மூடும் தளங்களை மெக்கின்னி சட்டத்தின் ஐந்தாம் பகுதியிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் உள்ளூர் மறுவளர்ச்சி அமைப்பின் கையில் திட்டமிடலைக் கொடுத்தார்கள். அந்த அமைப்பு வீடற்றோர் சேவை அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசியே ஆக வேண்டும். கடைசியில் திட்டத்தை வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை பார்த்து, வீடற்றோர் தேவையும் ஊரின் பொருளாதாரத் தேவையும் சமநிலையில் இருக்கின்றனவா என்று முடிவு சொல்லும். எல்லோரும் ‘ஹட்’ என்றே அழைக்கும் துறை இது.

அதாவது முதலில் இருந்தது முன்னுரிமை. இப்போது இருப்பது பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலி. இதை இறக்கம் என்று வருந்தியவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு: ஊரோடு பேசி வாங்கிய வீட்டுக்கு ஊரே தண்ணீர் இணைப்பும் பேருந்தும் தரும். ஊரை மீறி வாங்கிய வீட்டுக்கு அதையெல்லாம் யார் தருவார்கள்?

படி 2: விண்ணப்பிக்கும் முன் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது

மறுவளர்ச்சி அமைப்பு குறைந்தது ஒரு விளக்கக் கூட்டமாவது நடத்தித் தளத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்தச் சுற்றிக்காட்டலில் பேருந்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு கட்டட இன்ஸ்பெக்டரையும் ஒரு பிளம்பரையும் கூட்டிப் போங்கள்.

முதலில் பிரிக்க வேண்டியது குடும்பக் குவார்ட்டர்ஸையும் பாரக்ஸையும். குவார்ட்டர்ஸ் என்பவை பெரும்பாலும் இரண்டு, நான்கு வீடுகள் ஒட்டிய கட்டடங்கள். தனித்தனிச் சமையலறை, குளியலறை, கொஞ்சம் முற்றம் இருக்கும். குடும்பங்களை வைக்க இதைவிடத் தோதானது கிடையாது. பாரக்ஸ் அப்படியல்ல. நீண்ட நடைக்கூடம், இரு பக்கமும் அறைகள், மாடிக்கு ஒரு பொதுக் கழிப்பறை. அதை வீடாக்க ஒவ்வோர் அறைக்கும் தண்ணீரும் கழிவும் போகும் செங்குத்துக் குழாய் புதிதாக இறக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டும். முடியாதது இல்லை. சியாட்டிலின் சாண்ட் பாயின்ட் கடற்படைத் தளத்தில் ஒன்பதாம் எண் பாரக்ஸ் கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. மெர்சி ஹவுசிங் என்ற வீட்டுவசதித் தொண்டு அமைப்பு அதை எடுத்து 148 குறைந்த வாடகை வீடுகளாக மாற்றி 2019-ல் திறந்தது. ஆனால் அதற்கு வரலாற்றுக் கட்டட வரிச்சலுகை உட்படப் பல பைகளிலிருந்து பணம் திரட்ட வேண்டியிருந்தது. சின்ன அமைப்புகள் முதல் முயற்சியிலேயே பாரக்ஸில் கை வைக்க வேண்டாம்.

இனி வீட்டுக்குள். சமையலறைத் தரையைக் குனிந்து பாருங்கள். ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள், ஓரம் பெயர்ந்த இடத்தில் தார் போலக் கறுப்புப் பசை என்றால், ஓட்டிலும் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். உடையாமல் கிடக்கும் வரை ஆபத்து குறைவு. சுரண்டியெடுக்கப் போனால்தான் தூசி. அதன் மேலேயே புதுத் தரை போடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். அடுத்து ஜன்னல். மரச்சட்டத்தை மேலே தூக்கிக் கீழே இறக்குங்கள். 1978-க்கு முன் கட்டியது என்றால் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சட்டம் உராயும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயின்ட் பொடியாகி ஜன்னல் விளிம்பில் படியும். தவழும் குழந்தை எழுந்து நிற்கப் பிடிப்பதும் அதே விளிம்பைத்தான். அதனால் பட்ஜெட் இறுக்கமானால் வேறு எதை வெட்டினாலும் ஜன்னல் மாற்றுவதை வெட்டாதீர்கள். வெளியே வந்து சுவரோரத்து மண்ணையும் சோதனைக்கு எடுங்கள். மழையில் கரைந்த ஈயப் பெயின்ட் அங்கேதான் இறங்கியிருக்கும். கறையானுக்காக அடித்தளத்தைச் சுற்றி ஊற்றிய குளோர்டேன் என்ற பூச்சிமருந்தும், படைக் குடியிருப்புகள் பலவற்றில் அதே மண்ணில்தான் கிடக்கிறது.

படி 3: விருப்ப அறிவிப்பு

2005 சுற்றின் விதிப்படி காலக்கணக்கு இது. நிலம் உபரி என்று அறிவித்த 30 நாளுக்குள் மறுவளர்ச்சி அமைப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். இந்தக் கட்டடம் எங்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கும் விருப்ப அறிவிப்பைத் தர, அதிலிருந்து 90 முதல் 180 நாள் வரை உங்களுக்குக் கெடு இருக்கும். அந்தக் கெடு முடிந்து 270 நாளுக்குள் அவர்கள் முழுத் திட்டத்தைத் தயாரித்து, குறைந்தது ஒரு பொது விசாரணையாவது நடத்தி, ஹட்டுக்கு அனுப்ப வேண்டும். ஹட்டுக்கு 60 நாள். குறை சொல்லித் திருப்பினால் சரிசெய்ய 90 நாள்.

விருப்ப அறிவிப்பில் ஆறு விஷயங்கள் கேட்பார்கள்: யாருக்கான திட்டம், ஊரில் அந்தத் தேவை எவ்வளவு, மற்ற சேவைகளோடு எப்படி இணைகிறது, உங்கள் அமைப்பின் அனுபவம், பண ஏற்பாடு, எந்தக் கட்டடம் எப்போது வேண்டும். ‘எங்கள் மனம் பெரியது’ என்று நாலு பக்கம் எழுதுவதில் பயனில்லை. கட்டட எண் போட்டுக் கேளுங்கள். தளத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் உண்டு.

இதில் ஒரு உத்தி முக்கியம். பத்து அமைப்புகள் பத்து விண்ணப்பம் போட்டால் ஊர்க்காரர்கள் பத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டமைப்பாகப் போனால் அந்த விளையாட்டுக்கு இடமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1994-லேயே, தளம் மூடுவதற்கு மூன்று ஆண்டு முன்பே, பல தொண்டு அமைப்புகள் சேர்ந்து டிரெஷர் ஐலண்ட் வீடற்றோர் வளர்ச்சி முனைவு என்ற அமைப்பை உருவாக்கின. இன்று அதன் பெயர் ஒன் டிரெஷர் ஐலண்ட். தீவின் எதிர்காலம் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்களை ஒதுக்க முடியாமல் போனதற்கு இந்த முந்திக்கொள்ளலே காரணம்.

படி 4: ஒப்பந்தம் எழுதும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். திட்டத்தோடு சேர்த்து ஹட்டுக்கு அனுப்பப்படும் ஒப்பந்தம், நகரசபையையும் உங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்துவது. மேயர் மாறுவார், கட்டுமான நிறுவனம் மாறும், நிலவிலை பத்து மடங்கு ஏறும். அப்போது உங்கள் பக்கம் நிற்கும் ஒரே சாட்சி இந்தக் காகிதம்.

அதில் என்ன இருக்க வேண்டும்?

எத்தனை வீடுகள் என்ற எண். ‘போதுமான அளவு’, ‘நியாயமான பங்கு’ போன்ற சொற்கள் வந்தால் பேனாவை மூடி வையுங்கள். டிரெஷர் ஐலண்டின் இன்றைய மறுவளர்ச்சித் திட்டம் 8,000 வீடுகள் கொண்டது. அதில் 435 முன்பு வீடற்றிருந்த குடும்பங்களுக்கு என்று எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. எண் என்பதால்தான் தலைமுறை தாண்டியும் அது நிற்கிறது.

இடிக்க வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பது. பழைய வீடு இடிபட்டால் அதே எண்ணிக்கையில் புது வீடு, அதே குடும்பத்துக்குத் திரும்பும் உரிமை, இடைக்காலத்தில் தங்க இடம், சாமான் ஏற்றிப்போகும் செலவு ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

தண்ணீர், மின்சாரம், சாலைச் செலவில் உங்கள் பங்கு. தனியார் கட்டுமான நிறுவனத்துக்கு விதிக்கும் அதே உள்கட்டமைப்புக் கட்டணத்தை வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப உங்கள் மேலும் சுமத்தப் பார்ப்பார்கள். விலக்கு வேண்டும் என்று இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்க வாய் இருக்காது.

உங்கள் அமைப்பே மூடிப்போனால் என்ன என்பதும் உண்டு. வீடற்றோருக்கான பயன்பாடு நின்றால் சொத்து மறுவளர்ச்சி அமைப்புக்கோ வேறொருவருக்கோ போகும் என்று சட்டமே சொல்கிறது. வேறொரு சேவை அமைப்பைத் தேடக் கூடியவரை முயல வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் முயன்றும் கிடைக்கவில்லை என்றால் வீடற்றோருக்கே பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே உங்களுக்கு அடுத்து யார் என்ற பெயரையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சில ஊர்கள் தளத்துக்குள் வீடு வேண்டாம், பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஊருக்குள் வேறிடத்தில் இடம் தருகிறோம் என்று பேரம் பேசும். சட்டம் அதை அனுமதிக்கிறது. எப்போதும் மறுக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இடம், ஊர்க்கோடிக் குவார்ட்டர்ஸைவிட மேல். ஆனால் ‘நிலம் விற்றதும் தருகிறோம்’ என்றால் எந்த ஆண்டு, எவ்வளவு, விற்காவிட்டால் என்ன என்பதற்கெல்லாம் பதில் எழுத்தில் வரட்டும்.

கவுன்சில் ஒப்புதல் வந்ததும் இனிப்பு கொடுத்துவிடவும் வேண்டாம். சியாட்டிலின் ஃபோர்ட் லாட்டன் 2005 சுற்றில் மூடப்பட்ட ராணுவ ரிசர்வ் மையம். 2008-ல் நகரசபை திட்டம் போட்டது. மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படி ஆய்வு செய்யாமல் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று வழக்குப் போட்டார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் அதை ஏற்றது. மறுபடி முதலிலிருந்து ஆய்வு, மறுபடி விசாரணை. 2019-ல்தான் கவுன்சில் புதுத் திட்டத்தை நிறைவேற்றியது. அதன் பிறகும் கட்டுமானம் தள்ளிப்போனது. எதிர்ப்பவர்கள் வீடற்றோரைப் பற்றி நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மரம், பறவை, போக்குவரத்து என்றுதான் வருவார்கள். அந்த ஆய்வுகளை ஒழுங்காக முடித்து வைப்பதே வழக்குக்கு மருந்து.

படி 5: மண்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை படைத்தளங்களில் நிஜமாகவே நடக்கும். விமான இயந்திரம் கழுவிய கரைப்பான், கசிந்த எரிபொருள், தீயணைப்புப் பயிற்சியில் கொட்டிய நுரை, மின்மாற்றி எண்ணெய், இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய கருவி முகப்புகள் என்று எதுவும் புதைந்திருக்கலாம். அலமீடா கடற்படை விமானத் தளம் 1997-ல் மூடப்பட்டது. 1999-ல் நாட்டின் மிக மாசுபட்ட இடங்களின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தது. வீடற்றோர் குடியிருப்பை நடத்தும் அலமீடா பாயின்ட் கொலாபரேட்டிவ் அமைப்பு தொடங்கியதும் அதே 1999-ல்தான். அலமீடாவில் படைத்தளத்துக்கும் முந்திய பூதம் ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அங்கே இருந்த எரிவாயு, எண்ணெய் ஆலைகளின் கழிவு சதுப்பு நிலத்தில் படிந்து ஒரு படலமாகி, அதன்மேல் மண் கொட்டி நிலம் மேடாக்கப்பட்டிருக்கிறது. ‘மார்ஷ் கிரஸ்ட்’ என்று அதற்குப் பெயர். குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே தோண்ட நகரசபையின் தனி அனுமதி வேண்டும்.

1980-ன் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, சுத்தப்படுத்தும் பொறுப்பு மாசுபடுத்திய படையுடையது. நிலத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது தேவையான சுத்திகரிப்பு முடிந்தது, பிறகு ஏதாவது தெரியவந்தால் அதையும் நாங்களே செய்வோம் என்று அரசு உறுதி எழுதித் தர வேண்டும். அதற்கு முன் இரண்டு வகைச் சான்று உண்டு: கைமாற்றத் தகுதியானது என்று ஒன்று, குத்தகைக்குத் தகுதியானது என்று இன்னொன்று. இரண்டாவது சீக்கிரம் கிடைக்கும். பலர் அதை வைத்து லீஸில் குடியேற்றத் தொடங்குகிறார்கள். தப்பில்லை, ஆனால் வங்கிக் கடன் லீஸை நம்பி எளிதில் வராது. டிரெஷர் ஐலண்ட் 1997-ல் மூடியும் கடற்படையிடமிருந்து நிலத்தின் முதல் பகுதி நகரத்துக்குக் கைமாறியது 2015-ல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டும் மக்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள், பக்கத்தில் பாதுகாப்பு உடை போட்டவர்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நான் கறாராக இருப்பேன். சான்றின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், மண் மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் வீடுகளுக்கு நடுவே எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு சுற்றுச்சூழல் ஆலோசகரை வையுங்கள், படை வைத்த ஆளே உங்களுக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கப்பல் தளத்தில் மண் மாதிரிகளை மோசடி செய்ததற்காக ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் இருவர் 2018-ல் சிறைத் தண்டனை பெற்றார்கள். வசதியுள்ளவன் சந்தேகம் வந்தால் வீடு மாறிவிடுவான். இந்த வீடுகளுக்கு வருபவர்களுக்கு மாற இடம் கிடையாது, அதனால்தான் அவர்கள் வருகிறார்கள்.

குடிவந்தவர்களுக்கு நிலக் கட்டுப்பாடுகளை அவர்கள் மொழியில் சொல்லுங்கள். தரையில் தோண்டிக் காய்கறி போடக் கூடாது என்றால், பலகை அடித்து வெளிமண் நிரப்பிய மேட்டுப் பாத்தி கட்டிக் கொடுங்கள்.

படி 6: தரைக்குக் கீழே ஓடுவது

படைத்தளம் ஒரே வாடிக்கையாளர். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் வாயிலில் ஒரு மீட்டரோடு உள்ளே வரும்; உள்ளே வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்காது. குழாய்கள் நகரத்தின் தரத்தில் இருக்காது, சில இடங்களில் சரியான வரைபடமும் இருக்காது. தளம் மூடியதும் இந்த வலைப்பின்னலை ஏற்றுக்கொள்ள நகர நிறுவனங்கள் தயங்கும். உடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே ஆள் வேண்டும். டிரெஷர் ஐலண்டில் குடியிருப்பவர்களைக் கேட்டால் மின்தடை பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் அழகான மரத்தரையைப் பார்த்து மயங்கும் வாரிய உறுப்பினர்களுக்கு, சாக்கடைக் குழாயில் கேமரா விட்டு எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அரைமணி நேரத்தில் பட்ஜெட் விவாதம் நேர்வழிக்கு வந்துவிடும்.

படி 7: இரண்டு பை பணம்

நிலமும் கட்டடமும் இலவசம். மற்றதெல்லாம் காசு. அதையும் இரண்டு பையாகப் பிரித்துத்தான் பேச வேண்டும்.

கட்டும் பைக்குள் வருபவை: 1986-ல் வந்த குறைந்த வருமான வீட்டு வரிச்சலுகை, ‘ஹோம்’ எனப்படும் மத்திய மானியம், சமூக வளர்ச்சித் தொகுப்பு மானியம், மாநிலக் கடன் பத்திரங்கள், பழைய கட்டடமானால் தகுதியான சீரமைப்புச் செலவில் 20 சதவீத வரலாற்று வரிச்சலுகை. வரிச்சலுகை என்றால் உங்களுக்கு வரி குறையும் என்று பொருளல்ல. உங்கள் திட்டத்தில் பங்கு வாங்கும் வங்கியோ நிறுவனமோ தன் வரியைக் கழித்துக்கொள்ளும், பதிலாக முன்பணம் தரும். குறைந்தது 30 ஆண்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். நம் நோக்கத்துக்கு அது பாரமில்லை.

நடத்தும் பைதான் பெரும்பாலும் ஓட்டை. குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் வாடகை தருவார். வருமானமே இல்லாதவர் ஒன்றும் தர மாட்டார், அல்லது பெயருக்கு ஒரு தொகை தருவார். காவலாளி, பழுதுபார்ப்பு, காப்பீடு, குடியிருப்பவர்களுக்குக் கூடவே இருந்து உதவும் கேஸ் மேனேஜரின் சம்பளம் எதுவும் அந்த வாடகையில் அடங்காது. வாடகையின் மீதியை அரசே கட்டும், வீட்டோடு இணைந்த வவுச்சர், ஹட்டின் தொடர்கவனிப்பு மானியம், முன்னாள் படைவீரர் என்றால் ஹட்டும் படைவீரர் நலத் துறையும் சேர்ந்து தரும் ‘வாஷ்’ வவுச்சர் ஆகியவைதான் தூண்கள். வவுச்சர் உறுதியாகாமல் கட்டுமானத்தைத் தொடங்காதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய மானியத்தை நம்பி நூறு குடும்பத்தைக் குடியேற்றிவிட்டு, ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வாஷிங்டனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அமைப்புகளின் இயக்குநர்களுக்குத் தலைமுடி சீக்கிரம் நரைக்கிறது.

படி 8: வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் நல்ல ஒப்பந்ததாரர் கிடைத்தால் இது மற்ற சீரமைப்பு வேலை போலத்தான். ஈயம், கல்நார் அகற்றல் முதலில், குழாய், மின்கம்பி அடுத்து, ஜன்னல், கூரை, உள்பூச்சு கடைசி. மத்திய மானியம் தொட்டால், அரசு நிர்ணயித்த கூலியைத் தரச் சொல்லும் கூலி விகிதச் சட்டமும் பல நேரங்களில் வரும், கணக்கில் சேருங்கள். பெரிய அளவு சீரமைப்பில் குறைந்தது 5 சதவீத வீடுகள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாகவும் 2 சதவீத வீடுகள் பார்வை, செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றவையாகவும் இருக்க வேண்டும். வீதியிலேயே வாழ்ந்து வயதானவர்கள் உடல் தளர்ந்து வருவார்கள், 5 சதவீதம் போதவே போதாது. தரைத்தள வீடுகளில் முடிந்தவரை கதவை அகலமாக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு சேர்க்கை: வாயிலில் பழைய சோதனைச் சாவடி, முள்கம்பி, எச்சரிக்கைப் பலகை இருந்தால் குடியேற்றத்துக்கு முன் அப்புறப்படுத்துங்கள்.

படி 9: யார் வருகிறார்கள், வந்தபின் என்ன

யாருக்கு வீடு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, தேர்ந்தெடுக்கவும் கூடாது. ஊர் முழுவதற்கும் ஒரே பதிவு முறை உண்டு. மிக நலிந்தவர்கள் முதலில் வருவார்கள். குடியை நிறுத்திவிட்டு வா, வேலை தேடிவிட்டு வா என்று நிபந்தனை போடாமல், முதலில் வீட்டைக் கொடு, மற்றதைப் பிறகு பேசலாம் என்ற அணுகுமுறையை 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கினார். அது பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு, வீட்டில் நிலைத்திருப்பவர்களின் விகிதத்தைக் கணிசமாக உயர்த்துவதாகத் தெரிந்தது. ஆனால் ‘மற்றதைப் பிறகு’ என்பதில் அந்த ‘மற்றது’ வராமலே போனால் வீடு ஒரு தனிமைச் சிறைதான். 15 முதல் 25 குடும்பத்துக்கு ஒரு கேஸ் மேனேஜர் என்பது தாங்கக்கூடிய அளவு. நாற்பதுக்கு ஒருவர் என்றால் அவர் படிவம் மட்டும் நிரப்புவார்.

வாடகை வசூலிப்பவரும் ஆறுதல் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். லாங் பீச்சில் பழைய கடற்படைக் குடியிருப்பில் 1997 முதல் வளர்ந்த செஞ்சுரி வில்லேஜஸ் அட் கப்ரியோ நல்ல முன்மாதிரி: 27 ஏக்கர் நிலத்தையும் கட்டடங்களையும் ஓர் அமைப்பு பராமரிக்கிறது. படைவீரர், குடும்பம், தங்குமிடம் என்று சேவைகளை வேறு வேறு அமைப்புகள் நடத்துகின்றன. ஓர் அமைப்பு தடுமாறினாலும் வீடு நிற்கும்.

படைத்தளம் ஊரின் ஓரத்தில்தான் இருக்கும். முதல் மாதத்தில் உங்களுக்கு வரும் புகார்களில் பாதி பேருந்து பற்றியதாக இருக்கும், மீதியில் பெரும்பகுதி கடை பற்றியது. சிப்பாய்களுக்கு உள்ளேயே கடை இருந்தது. அது தளத்தோடு மூடிப்போனது. பேருந்துத் தடத்தை நீட்டும்படி போக்குவரத்து நிறுவனத்திடம் குடியேற்றத்துக்கு ஓராண்டு முன்பே பேசுங்கள்.

வேலையையும் அங்கேயே உண்டாக்கலாம். அலமீடாவில் கொலாபரேட்டிவ் அமைப்பு பிளவ்ஷேர்ஸ் என்ற செடி நாற்றங்காலை நடத்துகிறது. குடியிருப்பவர்கள் பயிற்சி பெறுகிறார்கள், ஊர்க்காரர்கள் செடி வாங்க வருகிறார்கள். வீடற்றோர் குடியிருப்பு என்று முகம் சுளித்தவர்கூடத் தக்காளி நாற்றுக்காக உள்ளே வந்து, அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். இதைவிட நல்ல பிரசாரத்தை எந்த விளம்பர நிறுவனமும் செய்து தராது. ஹோம்ஸ்டெட் விமானப்படைத் தளம் 1992-ல் ஆண்ட்ரூ புயலில் சின்னாபின்னமானது. அந்த நிலத்தில் எழுந்த வெர்டே கார்டன்ஸ் குடியிருப்பில் 145 வீடுகளும் 22 ஏக்கர் பண்ணையும் உண்டு. இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான்: நிலம் அதிகம் இருப்பது படைத்தளத்தின் ஒரே ஆடம்பரம், அதைப் புல்தரையாக விட்டு வீணாக்காதீர்கள்.

படி 10: இருபது ஆண்டுக்குப் பிறகு

சீரமைத்த வீடு மறுபடி பழசாகும். அலமீடாவில் சுமார் 34 ஏக்கரில் 200 வீடுகள், ஏறத்தாழ 500 பேர், அவர்களில் கணிசமானோர் குழந்தைகள். இருபது ஆண்டு ஓடியபின் கூரையும் குழாயும் தாங்கவில்லை. தனித்தனி வீடுகளை ஒட்டுப்போடுவதைவிட மொத்தமாக இடித்துக் கட்டுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். மிட்பென் ஹவுசிங் நிறுவனத்தோடு கொலாபரேட்டிவும், பில்டிங் ஃப்யூச்சர்ஸ், ஆபரேஷன் டிக்னிட்டி அமைப்புகளும் சேர்ந்து 200 வீடுகளுக்குப் பதிலாக 309 வீடுகள் வரை திட்டமிட்டன. சிதறிக் கிடந்த வீடுகளை ஒரு மூலையில் அடுக்கினால் மீதி நிலத்தில் நகரம் தன் சாலையையும் குழாயையும் புதிதாகப் போடலாம். இரு தரப்புக்கும் லாபம். டிரெஷர் ஐலண்டிலும் இதே போக்கு: 2023-ல் திறந்த மேசியோ மே அடுக்ககத்தின் 105 வீடுகள் முன்பு வீடற்றிருந்த படைவீரர்களுக்காகப் புதிதாகவே கட்டியவை.

ஆகவே முதல் நாளிலிருந்தே மாற்றீட்டு நிதி என்று ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீட்டின் பெயரிலும் ஆண்டுதோறும் போட்டுவையுங்கள். அவசரத்துக்கு அதில் கைவைக்கும் அதிகாரம் இயக்குநருக்கு இருக்கக் கூடாது, வாரியத்துக்கு மட்டும் இருக்கட்டும். இடித்துக் கட்டும் காலம் வந்தால் குடியிருப்பவர்களுக்கு வரைபடத்தைக் காட்டும் முதல் கூட்டத்திலேயே இடமாற்றத் திட்டத்தையும் எழுத்தில் கொடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வீடு இழந்தவரிடம் ‘நம்புங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை.

இன்று புதிதாகத் தொடங்க நினைத்தால்

2005-க்குப் பிறகு தள மூடல் சுற்று நடக்கவில்லை. புதிய தளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், மூன்று வாசல் திறந்திருக்கிறது.

ஒன்று, பழைய தளங்களில் இன்னும் நிறைவேறாத ஒப்பந்தங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூடிய தளம் இருந்தால் நகரசபைக் காப்பகத்தில் மறுவளர்ச்சித் திட்டத்தையும் வீடற்றோர் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாக்களித்த எண்ணையும் கட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டு, மெக்கின்னி சட்டத்தின் ஐந்தாம் பகுதி. தளங்கள் அதிலிருந்து வெளியேறினாலும் மற்ற மத்திய அரசுச் சொத்துகளுக்கு அது உயிரோடுதான் இருக்கிறது. தகுதியான சொத்துகளின் பட்டியலை ஹட் தொடர்ந்து வெளியிடுகிறது. பட்டியலில் வந்ததும் விருப்பம் தெரிவிக்க 30 நாள்தான். முழு விண்ணப்பம் சுகாதார, மனிதச் சேவைகள் துறைக்குப் போக வேண்டும். பட்டியலில் வரும் பெரும்பாலான கட்டடங்கள் வேலிக்குள் பூட்டிய கிடங்குகளும் காட்டுக்குள் நிற்கும் குடில்களுமாகத்தான் இருக்கும், சலிப்பு வரும். வாரம் ஒருமுறை பார்க்க ஒரு தன்னார்வலரை நியமித்து, கட்டட இன்ஸ்பெக்டர், வழக்கறிஞர், வவுச்சர் தரும் வீட்டுவசதி ஆணையத்தின் தொடர்பு மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். நல்ல சொத்து ஒன்று வந்து விழும் வாரத்தில் ஆள் தேட நேரம் இருக்காது.

மூன்று, ஏற்கெனவே இயங்கும் குடியிருப்புகள். கட்டுவதற்குப் பணம் தருபவர்கள் கிடைப்பார்கள், பெயர்ப்பலகை வைக்கலாமே. பன்னிரண்டாம் ஆண்டில் சாக்கடைக் குழாய் மாற்றவும் இரண்டாவது கேஸ் மேனேஜருக்குச் சம்பளம் தரவும் யாரும் முன்வருவதில்லை. உங்கள் சங்கத்தின் தீபாவளி வசூலை எதற்குக் கொடுப்பது என்று யோசிப்பவராக இருந்தால், அந்தக் குடியிருப்பின் மேலாளரை அழைத்து மாற்றீட்டு நிதியில் எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள்.